இரத்தச் சீட்டைப் பார்த்துக் கையை விடாதீர்கள்



ஸ்ட்ரோக் என்ற சொல் இன்று நம்மவர்கள் எல்லாருக்கும் தெரியும். நம் பாட்டிமார்கள் அதைப் பாரிசவாயு என்றார்கள். மலாய்க்காரர்கள் அங்கின் அஹ்மார், அதாவது சிவப்புக் காற்று என்கிறார்கள். ஏட்டில் எழுதும்போது பக்கவாதம் என்கிறோம். பெயர் எதுவானாலும் வந்து விழுவது ஒரே மாதிரிதான். காலையில் பெரட்டுக்குப் போன மனிதர் மாலையில் வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுத வந்தேன். குறிப்பாக, கட்டில் ஓரத்தில் தொங்கும் இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றி.

இதை எழுதத் தூண்டியது ஒரு சம்பவம். செமினி ரோட்டுப் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடும்பம். தகப்பனார் கித்தா மரம் வெட்டியே வாழ்ந்தவர். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது காஜாங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர். மகன் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். பெரியவருக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்றாம் நாள், மகன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக இருந்தவன். அதனால் இன்றைக்கும் சிலர் இப்படி வருவதுண்டு.

"டிரஸ்ஸர் ஐயா, அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திடலாம்னு பாக்குறோம். இரத்தத்துல ஏதோ சி.ஆர்.பி. தொண்ணூத்தாறு இருக்காம். நூறு பக்கம் போனா ஆள் தேறாதுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றாரு. உடம்பு அசைக்கச் சொல்லி ஒரு அம்மா வந்து கையையும் காலையும் பிடிச்சு இழுக்குது. போற உயிர ஏன் இம்சை பண்ணணும்னு அம்மா அழுவுறாங்க."

கைத்தொலைபேசியில் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தான். 96 என்று இருந்தது உண்மைதான். ஆனால் அந்த எண்ணுக்கு அவர்கள் கொடுத்த அர்த்தம் தவறு. அந்தத் தவறால் ஒரு மனிதரை உயிரோடு கைவிட இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எண்ணைப் பார்த்தார்கள். அது எதைச் சொல்கிறது என்று அவர்களுக்குப் புரியும் பாஷையில் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம்.

உங்கள் காலில் செம்பனை முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது அல்லவா? அதற்குத்தான் அழற்சி என்று பெயர். உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து, செத்ததை அள்ளி, கிருமியைக் கொன்று, காயத்தை ஆற்றும் வேலைதான் அது. காலில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும். மூளையில் நடந்தால் தெரியாது.

ஸ்ட்ரோக்கில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. மற்றவர்களுக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. அடைப்புக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சாகத் தொடங்குகிறது. செத்த திசு கூச்சல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூச்சல் கேட்டு இரத்தத்தில் இரண்டு மூன்று மாற்றங்கள் உண்டாகின்றன.

ஒன்று, ஈரல் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அதுதான் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி. 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது மூளை நோயை அல்ல. நிமோனியாக் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தில்தான் இது கிடைத்தது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் உதவும். சாதாரணமாக ஒரு லிட்டர் இரத்தத்தில் 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். காரணம் அடங்கினால் சுமார் ஒரு நாளில் பாதியாகக் குறையும்.

மற்றது, வெள்ளை அணுக்களின் கணக்கு. வெள்ளை அணுக்களில் பல ஜாதி உண்டு. நியூட்ரோபில் என்பவை முதலில் ஓடி வரும் கூட்டம். லிம்போசைட் என்பவை நிதானமாக நின்று போராடுபவை. ஸ்ட்ரோக் வந்த சில மணி நேரத்தில் நியூட்ரோபில் ஏறுகிறது. மூளை அடிபட்ட அதிர்ச்சியில் உடம்பு சுரக்கும் கார்டிசால் போன்ற சுரப்பு நீர்களால் லிம்போசைட் இறங்குகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். நல்ல உடம்பில் அது ஏறக்குறைய 1 முதல் 3 வரை. நியூட்ரோபில் 8, லிம்போசைட் 1.6 என்றால் விகிதம் 5. மூன்று நாள் கழித்து 11ம் 0.9ம் ஆனால் விகிதம் 12ஐத் தாண்டிவிடும். இதற்குத் தனி ஊசி, தனிக் காசு ஒன்றும் வேண்டாம். வார்டில் சேர்ந்தவுடன் எல்லாருக்கும் எடுக்கும் முழு இரத்தக் கணக்கிலேயே இரண்டு எண்களும் இருக்கின்றன. நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்குதான்.

இந்த எண்களைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். முடிவு பெரும்பாலும் ஒரே திசையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாட்களில் சி.ஆர்.பி.யும் இந்த விகிதமும் உயர்ந்திருப்பவர்களில், மூன்று மாதம் கழித்து இறந்தவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் அதிகம். அந்த அளவில் தெரிந்தவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு.

ஆனால் ஏன் என்று கேட்க வேண்டாமா?

பெரிய அடைப்பு வந்து பெரிய பகுதி செத்தால் கூச்சலும் பெரிது, எண்ணும் பெரிது. அப்படிப்பட்டவருக்கு முடிவும் மோசமாக இருக்கும். அங்கே எண் நோயை உண்டாக்கவில்லை, நோயின் அளவைக் காட்டுகிறது, அவ்வளவே. மழை நீர் ஆற்றில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் அளவுகோல் வெள்ளத்தைக் கொண்டு வருவதில்லை. அதைப் பிடுங்கிப் போட்டால் வெள்ளம் வடிவதும் இல்லை.

வேறொரு காரணமும் உண்டு, அதைத்தான் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லிம்போசைட் குறைவதால் ஸ்ட்ரோக் வந்தவரின் எதிர்ப்புச் சக்தி அந்த முதல் வாரத்தில் தளர்ந்துவிடுகிறது. அதே நேரத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்து, விழுங்குவதில் கோளாறு வருகிறது. வாயில் ஊற்றும் கஞ்சி உணவுக்குழாயில் போகாமல் மூச்சுக்குழாயில் போகிறது. இரண்டும் சேர்ந்தால் நிமோனியா. சி.ஆர்.பி.யை முதலில் கண்டது நிமோனியாக்காரர்களின் இரத்தத்தில்தான் என்று சொன்னேன் அல்லவா? மூன்றாம் நாள் நான்காம் நாள் அந்த எண் குபீரென்று ஏறினால், மூளையைப் பற்றிச் சொல்வதை விட நெஞ்சுச் சளியைப் பற்றியோ, சிறுநீர்க் குழாய்ப் புண்ணைப் பற்றியோ சொல்வதாகவே பெரும்பாலும் இருக்கும். அவை வைத்தியம் செய்யக் கூடியவை!

நான் அந்தப் பையனிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்கு யாராவது வாயில் ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதுதான். கொஞ்சம் தயங்கி, "அம்மா கஞ்சித் தண்ணி ஊத்தினாங்க, பசியோட கிடக்கிறாரேன்னு" என்றான். படுத்த வாக்கில். யாரும் பார்க்காத நேரத்தில். அந்தத் தாயின் மனசு யாருக்குத்தான் புரியாது? முப்பது நாற்பது வருஷம் விடியற்காலையில் எழுந்து அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனால் அந்த ஒரு கரண்டிதான் 96 என்ற எண்ணாக வந்து நின்றிருக்கலாம். போய் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். நெஞ்சுப் படத்தில் சளி கட்டியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் எண் இருபதுக்கு இறங்கியது.

எண்ணைக் குறைத்தால் ஆள் பிழைப்பான் என்றால், அழற்சியையே மருந்தால் அடக்கிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெரிய பெரிய டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வெள்ளை அணுக்கள் மூளைக்குள் நுழையாதபடி தடுக்கும் என்லிமோமாப் என்ற மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்து 2001ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களை விட மோசமாகப் போனார்கள். காய்ச்சலும் தொற்றும் அவர்களுக்குத்தான் அதிகம். காவல்காரனைக் கட்டிப் போட்டால் திருடனுக்குத்தானே வசதி.

சரி, தொற்று வருமுன்பே எல்லாருக்கும் கிருமிக்கொல்லி ஊசி போட்டால்? நெதர்லாந்தில் 2,500க்கும் மேற்பட்டவர்களிடம் அதையும் செய்து பார்த்தார்கள். 2015ல் முடிவு வந்தது. தொற்று கொஞ்சம் குறைந்தது, ஆனால் மூன்று மாதம் கழித்து நடமாட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, தொற்று வந்தால் உடனே பிடித்து வைத்தியம் செய்வது வேறு, வராதவருக்கும் சேர்த்துக் குத்துவது வேறு.

அண்மையில் ஒரு முயற்சி, நம்மவர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. செங்காந்தள் பூவை அறிவீர்கள். கார்த்திகைப் பூ என்பார்கள், தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்று ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பயிரிடுகிறார்கள். அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின் என்ற மருந்து, கௌட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது. அழற்சியை அடக்கும். அதைச் சிறு அளவில் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குக் கொடுத்தால் மறுபடி வராமல் தடுக்குமா என்று சீனாவில் 8,343 பேரிடம் சோதித்தார்கள். இரத்தத்தில் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களாகவே பொறுக்கி எடுத்தார்கள். 2024ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஸ்ட்ரோக் வந்தவர்கள் நூற்றுக்கு 6.3, சாப்பிடாதவர்களில் 6.5. ஒரே கணக்குதான். அதே ஆண்டில் ஐரோப்பாவில் நீண்ட காலம் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில் கொஞ்சம் குறைவது போல் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்த வாசல் இன்னும் முழுதாக மூடவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது அந்தக் கிழங்கை அரைத்துக் குடிக்கக் கிளம்ப வேண்டாம். அது கொடிய விஷம். ஆளைக் கொன்றுவிடும்.

இத்தனை பெரிய மருந்துகள் செய்யாததை வேறு ஒன்று செய்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சாண்டி மிடில்டன் என்ற ஒரு தாதி தலைமையில் 19 ஆஸ்பத்திரிகளில் ஒரு சோதனை நடந்தது. 2011ல் வெளியானது. அவர்கள் புதிய மருந்து எதையும் கொண்டு வரவில்லை. முதல் மூன்று நாளைக்கு மிஸிமார்கள் மூன்று காரியத்தைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. நாலு மணிக்கு ஒரு முறை காய்ச்சல் பார்த்து, 37.5 டிகிரி எட்டினால் உடனே பாரசிட்டமோல். சீனியை அடிக்கடி பார்த்து, ஏறினால் அடக்குவது. வாயில் எதையும் கொடுக்குமுன் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. இவ்வளவுதான்! இந்த ஏற்பாடு இல்லாத ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறர் உதவியில் கிடந்தவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 58 பேர். ஏற்பாடு இருந்த இடத்தில் 42 பேர். நூற்றுக்குப் பதினாறு பேர், மிஸிமார்களின் கையால் எழுந்து உட்கார்ந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி நினைவு வந்தது. மருந்தலமாரியில் என்ன பெரிதாக இருந்தது? ஆனால் இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் ஒரு அம்மாள் இருந்தார். பழம்பெருமை பேசவில்லை. அந்தக் காலத்தில் ஸ்ட்ரோக் வந்தவர் பெரும்பாலும் போய்த்தான் சேர்ந்தார். இருந்தாலும் தொட்டுப் பார்ப்பது வைத்தியத்தில் பாதி என்பது அன்றும் உண்மை.

ஆகவே என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரத்தத்தில் அழற்சி எண்ணைப் பார்ப்பது நல்லது. குறிப்பாக அந்த வகுத்தல் கணக்கு, காசு செலவில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை. அதை ஒவ்வொரு ஸ்ட்ரோக் நோயாளிக்கும் போட்டுப் பார்த்து, எண் ஏறியவரை மிஸிமார் இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். எண் ஏறியவருக்குக் கவனிப்புக் கூட வேண்டுமே தவிர, குறையக் கூடாது. நம் குடும்பங்களில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. எண் ஏறியது என்றால் சொந்தக்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

நல்ல எண்ணும் நம்மை ஏமாற்றும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு இரத்தச் சீட்டில் எல்லாம் அழகாக இருந்தது. ஆனால் அடைத்த இடம் பேச்சுக்குரிய இடம். இன்றைக்கு அவர் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார்.

முடிவு முடிவு என்கிறேனே, அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்தில் ஜான் ரான்கின் என்ற டாக்டர் 1957ல் வகுத்த ஒரு படிக்கட்டை வைத்து, அதைப் பிறகு கொஞ்சம் திருத்தியும் விரித்தும், இன்றும் உலகமெல்லாம் அளக்கிறார்கள். பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் மரணம். நாலு என்றால் பிறர் துணையில்லாமல் நடக்க முடியாது. இரண்டு என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் முன்பு செய்ததையெல்லாம் செய்ய முடியாது. ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் பூஜ்யம் முதல் இரண்டு வரை நல்ல முடிவு என்று எழுதுவார்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இரண்டு நல்ல முடிவுதான். நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே குலையை இழுத்து வெட்டுகிறவருக்கு இரண்டு என்றால் என்ன? வேலை போயிற்று. விடியற்காலை இருட்டில் பட்டை கனம் பார்த்து மரம் வெட்டும் பெண்ணுக்கு வலது கை விரல் மட்டும் சரியாக மடங்காவிட்டால் என்ன? ஏட்டில் நல்ல முடிவு, வீட்டில் அடுப்பு எரியாத முடிவு. இந்த வித்தியாசத்தை டாக்டர்களின் ஏடுகள் எழுதுவதில்லை. தொழிற்சங்கம்தான் எழுத வேண்டும்.

அதனால்தான் சொக்சோ விஷயத்தையும் இந்தச் சுகாதாரப் பகுதியில் நுழைக்கிறேன். அறுபது வயதுக்குள் ஸ்ட்ரோக் வந்து, வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாத நிலை வந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். எத்தனை மாதம் சந்தா கட்டப்பட்டது என்று பார்ப்பார்கள். மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் 2014 முதல் இருக்கிறது. தகுதியுள்ளவர்களை அங்கே அனுப்பிப் பயிற்சி கொடுக்கிறார்கள். நம்மவர் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஸ்ட்ரோக் வந்தவுடன் வேலையை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயிற்சி என்றேன். பெட்டாலிங் ஜெயாவில் நாசாம் என்ற தேசிய ஸ்ட்ரோக் சங்கம் இருக்கிறது. ஜேனட் இயோ என்ற அம்மையார் 1996ல் தொடங்கியது. அவரே ஸ்ட்ரோக் கண்டு மீண்டவர். கையைப் பிடித்து இழுக்கும் அந்த அம்மாள் இம்சை செய்யவில்லை என்று அந்தப் பையனிடம் சொன்னதற்கு நான் காட்டிய உதாரணம் இவர்தான். மூளையில் செத்தது செத்ததுதான். ஆனால் பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதி, திரும்பத் திரும்பப் பழக்கினால் செத்ததின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். முதல் சில மாதங்களில்தான் இது வேகமாக நடக்கும். அந்த மாதங்களை "போற உயிர்" என்று சொல்லி வீணாக்கினால் திரும்ப வாங்க முடியாது.

இப்போது ஒரு எச்சரிக்கை. இரத்தத்தில் அழற்சி பார்க்கிறோம், ஸ்ட்ரோக் வருமா என்று முன்கூட்டியே சொல்கிறோம் என்று நூற்றுக்கணக்கான வெள்ளி கேட்டுப் பரிசோதனைப் பொட்டலம் விற்கிறார்கள். நல்ல உடம்புக்காரர் அதை வாங்கிச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல் ஈறு புண்ணாக இருந்தால் சி.ஆர்.பி. ஏறும். காலில் முள் புண் இருந்தால் ஏறும். முந்தின வாரம் சளி பிடித்திருந்தால் ஏறும். சிகரெட் பிடித்தால், தொந்தி பெருத்தால் ஏறும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் இரவெல்லாம் பயந்து கிடப்பதா? அந்தக் காசில் பல்லைக் காட்டுங்கள், புண்ணைக் காட்டுங்கள். இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், சீனியைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்க்கலாம். ஸ்ட்ரோக்குக்கு முதல் காரணம் இன்றும் இரத்த அழுத்தம்தான். 2023ல் நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு அது இருந்தது. சீனி நோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். 2019 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 31 பேர்.

முன்பு தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். யாருக்கு அழுத்தம், யாருக்குச் சீனி என்று அவருக்கு லயம் லயமாகத் தெரியும். மருந்துக்கு வராவிட்டால் பெரட்டுக் களத்திலேயே நிறுத்திக் கேட்பார். காஜாங்கைச் சுற்றிப் பல தோட்டங்கள் இன்று இல்லை. பிராங் பெசார் 1995க்குப் பிறகு புத்ராஜெயா ஆகிவிட்டது. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள், டிரஸ்ஸர் போகவில்லை. இருக்கிற தோட்டங்களிலாவது மாதம் ஒரு முறை அழுத்தமும் சீனியும் பார்க்க ஏற்பாடு கேட்க வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் மகனுக்கோ மனைவிக்கோ முதல் வாரம் சம்பளத்தோடு லீவு கேட்க வேண்டும். மிஸிமார் எண்ணிக்கை போதவில்லை என்று அவர்கள் குரல் கொடுக்கும்போது, அது அவர்கள் சண்டை என்று நாம் ஒதுங்கக் கூடாது. நூற்றுக்குப் பதினாறு பேரின் கணக்கை மேலே சொன்னேன்.

வந்துவிட்டால் என்ன செய்வது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், 999 அழையுங்கள். மணியைப் பாருங்கள், எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்பார். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் கேடு. விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுப்பது, புறா இரத்தம் பூசுவது, உருவி விடுவது எல்லாம் அந்த நாலரை மணியைத் தின்றுவிடும். வாயில் தண்ணீர்கூட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டரிடமும் மிஸியிடமும் பயப்படாமல் கேளுங்கள். விழுங்கச் சோதித்தீர்களா? காய்ச்சல் இருக்கிறதா? எண் ஏறியிருந்தால் எதனால்? நெஞ்சில் சளியா, சிறுநீரா? எப்போது உட்கார வைக்கலாம்? நமக்கு மலாய் சரளமாக வராவிட்டால் படித்த பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். கேட்பது அவமரியாதை அல்ல.

அந்தப் பெரியவர் இப்போது வீட்டில் இருக்கிறார். கைத்தடியோடு கீழே இறங்கிச் சாப்பாட்டுக் கடை வரை நடக்கிறார். வலது கை திரும்பவில்லை. தேநீர்க் கோப்பையை இடது கையால் பிடிக்கிறார், பாதி சட்டையில் சிந்துகிறது. போன மாதம் பார்த்தபோது, "டிரஸ்ஸரே, கத்தி பிடிச்ச கையி, இப்போ கரண்டி பிடிக்க மாட்டேங்குது" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா, "பேசுறாருல்ல, அது போதும்யா" என்றார். சாப்பிடும்போது அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாயாக, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊட்டுகிறார்.

செம்பனை முள் குத்திய காலோடு சீனி நோயும் இருப்பவர்கள் கேட்டு எழுதிய கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதுவரை அந்தப் புண்ணில் சுண்ணாம்பு தடவாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள்.